பேரூரில் அண்ணனுக்கு ஒரு தர்ப்பணம்

ஆடி அமாவாசைக்குப் பேரூர் போயிருந்தோம், நானும் அண்ணன் மகனும். வெள்ளியங்கிரிப் பக்கம் மழை பெய்திருந்ததால் நொய்யலில் தண்ணீர் ஓடியது. படித்துறையில் தர்ப்பணம் சீக்கிரமே முடிந்துவிட்டது. ஐயர் அவசரப்படுத்தினார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவ்வளவு கூட்டம்.

பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு கனகசபைக்குப் போனோம். அண்ணனுக்குக் கோயில் என்றாலே அந்த மண்டபம்தான். நாங்கள் போர்டு எழுதுகிறவர்கள். உருவம் அண்ணன் போடுவான், எழுத்து நான். மளிகைக் கடையோ மாரியம்மன் நோம்பித் தட்டியோ, மூலையில் ரெண்டு பேர் பெயரும் சேர்ந்துதான் இருக்கும். பெரிய வேலை வந்தால் முதலில் இங்கே கூட்டிவந்து தூண்களைப் பார்க்கச் சொல்லுவான். அழகாத்திரி நாயக்கர் காலத்து வேலை, 17-ஆம் நூற்றாண்டு. ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, பிட்சாடனர், வீரபத்திரர் என்று எல்லாம் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும். வருகிற கூட்டம் அண்ணாந்து கல் சங்கிலியைப் பார்க்கும், இவன் மட்டும் கஜசம்ஹாரரின் விரலைப் பார்ப்பான். "யானைத் தோல உரிச்சுப் புடிச்சிருக்கற கை தம்பி, எவ்வளவு பலம் வேணும், ஆனா விரல் எப்படி நெளியுது பாரு. உன்ற 'ழ'வுக்கு அந்த நெளிவு வரோணும்" என்பான். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் என் 'ழ' அப்புறம் மாறியது உண்மை.

இங்கே பிறவாப் புளி, இறவாப் பனை என்று ரெண்டு மரத்துக்குக் கதை உண்டு. புளியங்கொட்டை முளைக்காது, பனைக்குச் சாவில்லை என்பார்கள். பிளெக்ஸ் வந்து வேலை படுத்த வருசம் அண்ணன் அந்தப் பனையைக் காட்டி, "நம்ம தொழிலும் இப்படித்தான்னு நெனச்சனே" என்று சிரித்தான். அதற்கப்புறமும் கோயில் சுவர் வேலை வரத்தான் செய்தது, கடைசிவரைக்கும் சேர்ந்தே செய்தோம். இப்போது வருகிற வேலையில் எழுத்தை முடித்துவிட்டு, உருவத்துக்கு இடம் விட்டு நிற்கிறேன். வேறு ஆளைக் கூப்பிட மனசு வரவில்லை.

பையன் காளி முன்னால் ரொம்ப நேரம் நின்றான். "சித்தப்பா, அப்பா போடற அம்மன் மூக்கு இப்படி இருக்காதே?"

"அது உங்க அப்பத்தா மூக்கு சாமி. எந்த ஊர் அம்மனுக்கும் உங்கப்பன் அதைத்தான் வெப்பான்."