நிலவறைக்குள் ஓர் இரவு விடுதி

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஆளுயர ஒலிப்பெருக்கிகளை அடுக்கும் மைக் செட்காரரிடம், 1950-களிலேயே ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் இதே தொழில் கொடிகட்டிப் பறந்தது என்று சொன்னேன். அவர் வியக்கவில்லை, “அங்கே பேஸ் (அடித்தொனி) எப்படி?” என்று மட்டும் கேட்டார். நடன அரங்குக்குப் போக வசதியில்லாத மக்களுக்காகத் தெருவில் பெட்டிகளை வைத்து இசைத்தட்டுகளைச் சுழற்றிய அந்த ‘சவுண்ட் சிஸ்டம்’, பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களோடு லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தது.

1948 ஜூனில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிகளை ஏற்றிக்கொண்டு ‘விண்ட்ரஷ்’ கப்பல் லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரித் துறைமுகத்துக்கு வந்தபோது, டிரினிடாடின் கலிப்ஸோ பாடகர் லார்டு கிச்சனர் லண்டனைப் போற்றிப் பாடினார். லண்டனோ அவரைப் போன்றவர்களை மதுக்கூடங்களின் வாசலிலேயே தோலின் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. அதைத் தடுக்க 1965 வரை சட்டமே இல்லை. ஆகவே சனிக்கிழமை இரவுகளில் அவர்களுடைய வீட்டு நிலவறையிலிருந்த கட்டிலும் மேசையும் மேலே ஏற்றப்பட்டன. மங்கலான ஒரே ஒரு பல்பு, வாசலில் காசு வாங்க ஒருவர், அடுக்களையில் ஆட்டுக்கறிக் குழம்பும் பீரும், சுவரையே அதிர வைக்கும் பேஸ் என்று விடியும்வரை நடந்த அந்த ‘புளூஸ்’ கூத்துகளில் திரண்ட பணம் பல வீடுகளுக்கு வாடகையாகவும் ஆனது. காவல்துறை அடிக்கடி கதவை உடைத்தது. அண்டை வீட்டாரின் புகார்கள் எல்லாமே இனவெறி என்று நான் சொல்லமாட்டேன். ஆடி மாதத்தில் மேடைக்குப் பக்கத்து வீட்டில் தூங்க முயன்றவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

1966-இல் ஜமைக்காவைச் சேர்ந்த நியூட்டன் டன்பார் லண்டனின் டால்ஸ்டன் பகுதியில் ‘ஃபோர் ஏசஸ்’ விடுதியைத் தொடங்கியபோதுதான் அந்த நிலவறை இசைக்குப் பெயர்ப்பலகையோடு ஓர் இடம் அமைந்தது என்பேன். முன்பு நாடக அரங்காக இருந்த அந்தக் கட்டடத்தை 2007-இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

நியூயார்க்கிலும் இதே வேர்தான். கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், தங்கை ஏற்பாடு செய்த விருந்துக்கு இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். ஹிப் ஹாப் இசையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த இரவுதான். அதே நகரின் ரிச்மண்ட் ஹில்லில் கயானா, டிரினிடாடிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர், கலிப்ஸோவிலிருந்து கிளைத்த சோக்காவையும் கரீபிய இந்தியர்களின் சட்னி இசையையும் கலந்து ஆடுகிறார்கள்; அவர்களுடைய முன்னோர்களில் சிலர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய கரும்புத்தோட்டக் கூலிகள்.