அந்த உடைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார்

"ரப்பர் உடை போட்ட ஆள் பொம்மை வீடுகளை மிதிக்கிற படம்தானே?" என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஆமாம், ஆள்தான். உள்ளே ஆள் இருப்பதால்தான் ஜப்பானின் கைஜூ படங்கள், அதாவது ராட்சத மிருகப் படங்கள், எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

1954 நவம்பரில் வந்த முதல் காட்ஸில்லாவில் உடைக்குள் இருந்தவர் ஹாருவோ நகாஜிமா. உடையின் எடை கிட்டத்தட்ட 100 கிலோ, மேலே படப்பிடிப்பு விளக்குகளின் வெக்கை வேறு. இத்தனைக்கும் அவர் உயெனோ மிருகக்காட்சிசாலைக்குப் போய், பெரிய விலங்குகள் எப்படி அடி எடுத்து வைக்கின்றன என்று பார்த்துப் பழகியிருக்கிறார். படத்தின் தந்திரக் காட்சிகளை இயக்கிய எய்ஜி சுபுராயா அதை வேகமாக ஓடும் கேமராவில் எடுத்தார். திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது ஒவ்வொரு அசைவும் மெதுவாகி, இரண்டு மீட்டர் உடை 50 மீட்டர் மிருகமாகக் கனக்கிறது. அப்புறம் அந்தக் கர்ஜனை! இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கான்ட்ராபாஸ் என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுக்கவைத்துப் பிறந்த சத்தம் அது.

ஆனால் வித்தையை மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். அதே வருடம் மார்ச் 1 அன்று பிகினி தீவுப் பக்கம் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேலும் விழுந்தது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்துபோனார். படமோ கடலில் ஒரு வெளிச்சத்தோடும் எரியும் கப்பலோடும் தொடங்குகிறது! அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. டோக்கியோ எரியும்போது தெருவோரம் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் ஒரு தாய் வருவார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிறகு வந்தவற்றில் எல்லாமே இந்த உயரத்தில் இல்லை, அது பரவாயில்லை. 1961இன் மோத்ரா, ராட்சத அந்துப்பூச்சி வரும் ஓர் அழகான தேவதைக் கதை. 1971இல் ஹெடோரா என்று தொழிற்சாலைக் கழிவையே மிருகமாக்கினார்கள். தொண்ணூறுகளில் ஷூசுகே கானெகோ எடுத்த, கமேரா என்ற ராட்சத ஆமையின் மூன்று படங்களை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன், குறிப்பாக மூன்றாவது: நகரத்தைக் காப்பாற்றும் மிருகத்தின் காலடியில் செத்தவர்களின் குடும்பம் என்ன நினைக்கும் என்று கேட்கிற படம் அது. 2023இன் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தில் மிருகம் முழுக்கக் கணினி வேலை, அந்தக் காட்சி வித்தைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனாலும் டோக்கியோவின் கின்ஸா தெருவில் அது நடந்து வரும்போது இஃபுகுபேயின் பழைய இசை எழும்புகிறதே, அந்த நடையில் எனக்கு நகாஜிமாதான் தெரிந்தார்.

புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 1954 படத்தை ஜப்பானிய மூலத்திலேயே பாருங்கள். 1956இல் அமெரிக்காவுக்காக மாற்றிய பதிப்பில் ஓர் அமெரிக்க நிருபரை நுழைத்து, நிறைய வெட்டிவிட்டார்கள். ரயிலில் ஒரு பெண், நாகசாகியில் தப்பிய உயிர் இது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவாள். அந்த வரி மூலத்தில்தான் இருக்கிறது.