பெரியம்மாவின் கதவு

2025 சித்திரை மாதம், கனடாவின் மத்திய தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வீட்டுக்கார அக்கா கீழே இறங்கி வந்தார். கையில் ஒரு கடிதம். “தம்பி, குறை நினையாதேங்கோ. மகனுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. அவை கீழதான் இருக்கப்போயினம்” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். அதுதான் என்12 படிவம், வீட்டுக்காரர் தன் குடும்பம் குடிவரவேண்டும் என்று வாடகைக்கு இருப்பவரை எழுப்பக் கொடுக்கிற அறிவித்தல். குறைந்தது அறுபது நாள் அவகாசம், ஒரு மாத வாடகை அளவு நட்டஈடு. எல்லாம் சட்டப்படி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் அந்த நிலக்கீழ் வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம். இளைய மகள் அங்கேதான் நடக்கப் பழகினாள்.

அன்று தபால்பெட்டி நிறையத் தேர்தல் துண்டுப்பிரசுரங்கள். லிபரல் கட்சித் தலைவர் கார்னி வருடத்துக்கு 5 இலட்சம் வீடு கட்டலாம் என்றார். கொன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் பொலியேவ் ஐந்து வருடத்தில் 23 இலட்சம் என்றார். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு நானும் மனைவியும் வாடகை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் 1,350 டொலர் கொடுத்த இடத்தில், அதே தெருவில், அதே அளவு நிலக்கீழ் வீடு இப்போது 2,000.

சரி, புதுக் கட்டடம் ஒன்றைப் பார்ப்போம் என்று போனோம். நல்ல வெளிச்சம், பிள்ளைகள் ஜன்னலை விட்டு வரவே இல்லை. ஆனால் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலில் ஆட்கள் குடிவந்த வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. பழைய வீடென்றால் 2025-இல் 2.5 சதவீதத்துக்கு மேல் வாடகையைக் கூட்ட முடியாமல் இருந்தது. இந்தப் புது வீட்டுக்கு அடுத்த வருடம் எவ்வளவு கூடும் என்று கேட்டேன். “அது மார்க்கெட்டைப் பொறுத்தது” என்றாள் அங்கிருந்த பிள்ளை. புது வீடுகளுக்கு அந்த விலக்கு இருந்தால் நிறையக் கட்டுவார்கள் என்றுதான் மாகாண அரசு அப்போது சொன்னது. பத்து வருடத்தில் 15 இலட்சம் வீடு என்று வாக்குக் கொடுத்த மாகாணத்தில் 2024-இல் தொடங்கிய வீடுகள் ஒரு இலட்சத்தைக்கூடத் தொடவில்லை.

என் பெரியம்மா 1989-இல் வந்தவர். அவருக்குக் கூட்டுறவு வீடு, அதாவது குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்துகிற வீடு, ஒன்று கிடைத்தது. முப்பத்தைந்து வருடமாக அதே கதவு, அதே பால்கனி, அதே கறிவேப்பிலைச் சாடி. மகனுக்குக் கலியாணம் என்று யாரும் அவரை எழுப்ப முடியாது. எனக்கு ஏன் அப்படியொன்று கிடைக்கவில்லை? 1993-இல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்தியது. 1995-இல் மாகாண அரசு, திட்டமிட்டிருந்த 17,000 கூட்டுறவு, இலாப நோக்கற்ற வீடுகளை ரத்துச் செய்தது. நான் கனடாவுக்கு வரமுன்பே எனக்கான வரிசையை மூடிவிட்டார்கள். வீட்டு எண்ணிக்கையைப் பற்றிச் சண்டைபிடிக்கிற எவரிடமும் நான் கேட்க விரும்புவது, அதில் எத்தனை வீடு பெரியம்மாவின் வீடு மாதிரி என்பதைத்தான்.

ஆனி கடைசியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ரொறன்ரோ மாநகரசபையில் வாக்கெடுப்பு. ஒரு காணியில் நாலு வீடு 2023-லேயே நகரம் முழுக்க அனுமதிக்கப்பட்டது. அதை ஆறாக்குவதுதான் விவாதம். அயலின் தன்மை கெட்டுவிடும் என்றார்கள் எதிர்த்தவர்கள். அந்த அயலில் ஒன்பது வருடம் பனி வழித்தவர்கள் நாங்களும்தான். கடைசியில் 25 தொகுதிகளில் ஒன்பதுக்கு மட்டும் அனுமதி. ஸ்காபரோவில் வடக்குத் தொகுதி ஒன்றுதான் சேர்ந்தது. எங்களுடையது இல்லை.

மற்றத் தொகுதிகள் விரும்பினால் பிறகு சேரலாம். அதனால் எங்கள் கவுன்சிலருக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். 2026 ஐப்பசியில் மாநகரசபைத் தேர்தலுக்குக் கவுன்சிலர்கள் வாக்குக் கேட்டு வருவார்கள். அப்போது நான் எந்த முகவரியில் இருப்பேன் என்று தெரியாது.