மூன்று நீலமும் நம் நீலம்தான்

பட்டமளிப்பு விழா மேடையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். பின்னால் தொங்கும் பேனரில் ஊதா தட்டிய நீலம், சான்றிதழ் உறையில் கருநீலம், அடையாள அட்டை நாடாவில் ஏறக்குறைய கறுப்பு. மூன்றும் ‘நம் பல்கலைக்கழக நீலம்’ என்று சொல்லி வாங்கியவைதான்.

அச்சகத்தாரைக் கடிந்துகொள்ளும் முன், அவர் கையில் என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஜேபெக் லோகோவாக இருக்கும். அதைப் பெரிதாக்கி, ஒரே எழுத்துக்குள் இரண்டு இடங்களில் ஐடிராப்பரை (நிறத்தின் எண்ணைக் காட்டும் கருவி) வைத்தால் இரண்டு எண்கள் வரும். எது சரி? இரண்டும் இல்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டார் கோப்பும் நிறத்தின் எண்களும் சேர்ந்து போனால்தான் பேச்சுக்கே இடம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நீலம், அச்சு மைகளுக்கு எண் தரும் பாண்டோன் முறையில் 282; திரைக்கான நிற எண் #002147. இப்படி எண்ணாகச் சொன்னால் ‘கொஞ்சம் கருநீலமாக’ என்ற பேச்சே எழாது.

ஆனால் எண் மட்டும் காப்பாற்றிவிடாது. பாண்டோன் எண்ணுக்குப் பின்னால் வரும் ‘சி’, ‘யு’ எழுத்துகளைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவது பூச்சுள்ள தாளுக்கு, மற்றது பூச்சில்லாத தாளுக்கு. மை ஒன்றேதான். பூச்சில்லாத லெட்டர்ஹெட் தாள் அதை உறிஞ்சிக்கொள்வதால் நிறம் மங்கிவிடும். நான்கு வண்ண அச்சில் நீலம் இன்னும் வம்பு பிடித்தது: அதில் நீலத்தை உருவாக்கும் சயான் (வெளிர்நீல) மையும் மெஜந்தா (இளஞ்சிவப்பு) மையும் அளவில் நெருங்கிவிட்டால் ஊதாவாகிவிடும். இரண்டுக்கும் குறைந்தது 30 சதவீத இடைவெளி விடுவது அச்சகங்களில் பழைய வழக்கம். மென்பொருள் தானாக மாற்றித் தரும் எண்ணை அப்படியே நம்பாமல், அதே தாளில் புரூஃப் (மாதிரி அச்சு) எடுக்க வேண்டும். மேலே மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம்) வரும் என்றால் புரூஃபையும் லேமினேட் செய்துதான் பார்க்க வேண்டும். அது நிறத்தை வெளிறச் செய்யும்.

துணியில் எண்ணுக்கு வேலை குறைவு. சாய நூல்களின் மாதிரி அட்டையை, நாம் அங்கீகரித்த மாதிரியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதே வழி. அதுவும் பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் விளக்கில் ஒருமுறை, விழா அரங்கின் விளக்கில் ஒருமுறை. ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும் சாயங்கள் இன்னொன்றில் பிரிந்து நிற்கும். மறு ஆர்டருக்குப் போன வருடம் மிஞ்சிய நாடாவை மாதிரியாக அனுப்பினால், அதன் பிழையும் சேர்ந்தே போகும். கையெழுத்திட்ட மூல மாதிரி வெயில் படாத உறையில் இருக்கட்டும்.

திரையில் சிக்கல் வேறு. சாதாரண அளவு எழுத்துக்கு பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்பதற்கான இணைய அணுகல் விதி கேட்கும் மாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம், குறைந்தது 4.5:1. மேலே சொன்ன ஆக்ஸ்ஃபோர்டு நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து சுமார் 16:1. வெள்ளையின் மேல் தங்க மஞ்சள் 2:1-ஐக்கூட எட்டுவது கடினம். அதே மஞ்சளை நீலத்தின் மேல் வைத்தால் பளிச்சென்று படிக்கலாம். எந்த நிறம் எதன் மேல் வரலாம் என்ற அட்டவணை இல்லாத நிறக் கையேடு பாதிக் கையேடுதான்.

துறைகள் நிறம் மாற்றுவது பிடிவாதத்தால் அல்ல. பவர்பாயிண்டைத் திறந்ததும் கண்ணெதிரே நிற்பது அதன் சொந்த நீலம். வார்ப்புருவின் தீம் நிறங்களில் அதிகாரபூர்வ நிறங்களை முதலிலேயே ஏற்றிக் கொடுத்தால், ‘நம் நிறத்தையே பயன்படுத்துங்கள்’ என்ற சுற்றறிக்கைகளில் பாதி தேவைப்படாது.