க்ளாக் மண்மேட்டுக் கோட்டை 1:100 மாடல், இதுவரைக்கும் முடிஞ்சது

வட அயர்லாந்துல டவுன் கவுண்ட்டில க்ளாக்னு ஒரு சின்ன ஊர். பெல்ஃபாஸ்ட்ல இருந்து நியூகாசில் பீச்சுக்குப் போற கார் எல்லாம் அந்த வழியாத்தான் போகும், நிக்கிறது கம்மி. பக்கத்துலயே டண்ட்ரம் கல்லுக்கோட்டை இருக்கில்ல, கூட்டம் பூரா அங்கதான். க்ளாக்ல இருக்கிறது புல்லு மூடின மண்மேடு, உச்சியில இடிஞ்சு நிக்கிற கல் டவர், அவ்வளவுதான். எனக்கு என்னமோ டண்ட்ரத்தை விட இதுதான் பிடிச்சுது, அதான் மாடல் பண்ணலாம்னு உக்காந்துட்டேன்.

ஜான் டி கோர்சிங்கற நார்மன் வீரர் 1177ல கிழக்கு அல்ஸ்டர்ல (அயர்லாந்தோட வடகிழக்குப் பகுதி) புகுந்தப்புறம் அந்த ஏரியா முழுக்க நார்மன்காரங்க, அதாவது 1066ல இங்கிலாந்தைப் பிடிச்சவங்களோட வழி வந்தவங்க, இந்த மாதிரி மேடாப் போட்டுத் தள்ளினாங்க. சுத்தி அகழி வெட்டு, வெட்டின மண்ணை நடுவுல குவி, மேல மரவேலி கட்டு, பக்கத்துல தாழ்வா ஒரு வளாகம் விடு, அதுக்குப் பேரு பெய்லி. கல்லு உடைக்க ஆள் தேட வேண்டாம், கொத்தனார் வேண்டாம், புதுசாப் பிடிச்ச ஊர்ல அவசரத்துக்கு இதை விட்டா வேற வழியும் இல்ல. க்ளாக் மேடு 25 அடி, மேட்டுக்கும் பெய்லிக்கும் நடுவுல 7 அடி ஆழத்துக்கு அகழி இருந்திருக்கு. என் ஸ்கேல்ல மேடு ஏழரை சென்டிமீட்டர், அகழி ரெண்டு, ஆள் ஒண்ணே முக்கால் கூட வராது.

தெர்மோகோல் செதுக்கினா ஒரே சாயங்காலத்துல முடிஞ்சிரும், ஆனா நிஜ மண்ணுல பண்ணாத்தானே இது எப்படி நிக்குதுன்னு தெரியும். காஞ்ச மண்ணைச் சலிச்சு புனல் வழியா ஊத்தினா ஒரு அளவுக்கு மேல சரிவு ஏறவே மாட்டேங்குது, மேல போடப் போட அடியில அகலமாகிட்டே போகுது, அகழியும் தூர்ந்து போச்சு. அப்புறம்தான் பேயூ திரைச்சீலையில (நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச கதையைத் தையல்ல சொல்ற பழைய நீளத் துணி) இங்கிலாந்துல ஹேஸ்டிங்ஸ்ங்கற ஊர்ல மேடு கட்டுற காட்சி ஞாபகம் வந்துச்சு, அதுல மேட்டைப் பட்டை பட்டையா கலர் மாத்தித் தைச்சிருப்பாங்க (அதுலயே வேலைக்கு வந்த ரெண்டு பேர் மண்வெட்டியால அடிச்சுக்குவாங்க, எல்லாக் காலத்துலயும் சைட்டு சைட்டுதான்). அதே மாதிரி ஈரக் களிமண் ஒரு அடுக்கு, மண்ணும் பொடிக்கல்லும் கலந்து ஒரு அடுக்கு, ஒவ்வொண்ணையும் கரண்டியால தட்டி இறுக்கிட்டு அடுத்தது. இப்ப கிட்டத்தட்ட 45 டிகிரியில நிக்குது, பலகையை ஆட்டினாலும் ஓரத்துல கொஞ்சம் பொடிதான் உதிருது.

உச்சிதான் சுவாரசியம். 1951, 52ல தோண்டிப் பார்த்தப்ப மேட்டோட விளிம்பைச் சுத்தி மரவேலி இருந்த தடமும், அதுக்கு உள்பக்கமா வில்லாளிங்க நிக்கிற குழிகளும் கிடைச்சுது. வேலிக்கு டூத்பிக்கை நறுக்கி நட்டேன், 2 மில்லிமீட்டர் தடிமன்னா நிஜத்துல 20 சென்டிமீட்டர் கட்டை, சரியா வருது. ஈரம் காயறதுக்குள்ள பேனா மூடியால குழி அழுத்தி ஒரு பொம்மையை உள்ள நிறுத்திப் பார்த்தா, வேலிக்கு மேல தலை மட்டும் தெரியுது, வெளிய இருந்து அவனை அடிக்கிறது கஷ்டம், ஆனா கீழ அகழியில நிக்கிறவனை அவன் பார்க்கணும்னா எட்டித்தான் பார்க்கணும். படிக்கும்போது இது மண்டையில ஏறல, பொம்மை வச்சப்புறம்தான் ஏறுச்சு.

பெய்லியில இருந்து அகழியைத் தாண்டி மேட்டுக்கு ஏற ஒரு பாலம் வேணும், அதுக்கு அதே திரைச்சீலையில பிரான்ஸ்ல இருக்கிற தினான் கோட்டைக்கு ஏறுற மரப்படியை மாதிரியா வச்சுக்கிட்டேன், ஐஸ் குச்சியில பண்ணது, கொஞ்சம் தடிமனாத்தான் தெரியுது, மாத்தணும்.

அந்த மேட்டு மேலயே 13ஆம் நூற்றாண்டு நடுவுல ஒரு பெரிய ஹால் கட்டினாங்க, அதுக்கப்புறம்தான் இன்னைக்கு நிக்கிற கல் டவர். எல்லாத்தையும் ஒரே மாடல்ல காட்ட முடியாதுங்கறதால உச்சியை மட்டும் டிபன் பாக்ஸ் மூடி மாதிரி கழட்டி மாட்டுற மாதிரி வெட்டி வச்சிருக்கேன். வேலி மூடி ரெடி, ஹால் மூடிக்குச் சுவர் வெட்டிட்டேன், கூரை பாக்கி. பெய்லி அவரைக்கொட்டை ஷேப்ல வரணும், அதுக்கு இப்ப இருக்கிற பலகை பத்தல, பெருசா ஒண்ணு வாங்கிட்டு அப்டேட் போடறேன்.