கறிக்கோழி வளர்ப்பு: குஞ்சிலிருந்து ஃபிரீசர் வரை

பிராய்லர் தொகுதி முழுவதும் ஃபிரீசருக்குள் போய்விட்டது. கூடவே இறக்கிய, மெதுவாக வளரும் ரகத்துச் சேவல்கள் இன்னும் கொல்லையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. வளர்ப்பைவிட அறுப்பு நாளில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் விளக்கின் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைக்கலாம். வெப்பமானி மாட்டியிருந்தேன், ஆனால் நம்பியது குஞ்சுகளைத்தான். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் நாமும் தூங்கப் போகலாம்.

கூளத்தில் மட்டும் சோம்பல் கூடாது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம் என்று பொருள், உடனே கிளறி உலர்ந்த மரத்தூள் சேர்ப்பேன். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் கதகதப்பும் கிடைத்த பிறகே அடுத்த குஞ்சைத் தொற்றும் நிலைக்கு வருகிறது. தண்ணீர்க் குவளையைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டே போனால் சிந்தலில் பாதி குறைந்துவிடும்.

பிராய்லரின் வளர்ச்சி கொஞ்சம் பயமுறுத்துவதுதான். தின்னும், உட்காரும், உட்கார்ந்தபடியே தின்னும். உடல் எடை கால்களையும் இதயத்தையும் முந்திவிடுவதால், இரவில் தீவனத் தட்டை எடுத்துவிடுவேன். 6 முதல் 8 வாரங்களில் அறுப்புக்குத் தயார். மெதுவாக வளரும் சேவலுக்கு 16 வாரமாவது ஆகும். ஒரு கிலோ எடை கூட அது தின்னும் தீவனமும் மிக அதிகம். ஆனால் அது ஓடுகிறது, பறக்கிறது, பூச்சி பிடிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கவும் நன்றாக இருக்கிறது. கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அறுப்புக்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்தினேன்; தண்ணீரை நிறுத்தவில்லை. குடல் காலியாக இருந்தால் உள்ளே கிழிந்தாலும் இறைச்சி அவ்வளவாக அசுத்தமாகாது. இன்னும் நீண்ட நேரம் பட்டினி போட்டால் குடல் நைந்து எளிதில் கிழியும் என்பதால் இதில் தாராளம் காட்டக் கூடாது.

உடலை இறுக்கிப் பிடித்து, தலை மட்டும் அடியில் வெளியே வரும் அறுப்புக் கூம்பில் தலைகீழாக இறக்கியதும் கோழி அடங்கிவிடுகிறது. இறக்கையை அடித்துக்கொள்ள இடமில்லாததால் எலும்பும் முறிவதில்லை. தாடைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தொடாமல், இரு பக்கத்து ரத்தக் குழாய்களையும் அறுத்தேன். கத்தி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். இதில் கருணை என்பது கத்தியின் கூர்மைதான். ரத்தம் வடிய இரண்டு நிமிடம் விட்டேன். பல நாள்களாக மனத்தை அரித்த வேலை, அந்த நாளில் மிகக் குறைந்த நேரத்தில் முடிந்தது இதுதான்.

நேரத்தைத் தின்றது வெந்நீர். 60 முதல் 65 டிகிரிக்குள் வைத்து, முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை கோழியை மேலும் கீழுமாக அலசவேண்டும். வால் இறகைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், அதுதான் பதம். சூடு கூடினால் தோல் வெந்து இறகோடு உரிந்து வரும். குறைந்தால் இறக்கை நுனி இறகுகள் அசையவே அசையாது. ஒவ்வொரு கோழியும் பானையின் சூட்டைக் கொஞ்சம் திருடிக்கொண்டு போவதால், பக்கத்து அடுப்பில் கொதிநீர் தயாராக இருக்கவேண்டும். தண்ணீரில் துளி சோப்புக் கரைசல் விட்டால் இறகின் எண்ணெய்ப்பசையைத் தாண்டி வெந்நீர் அடிவரை இறங்குகிறது.

குடல் எடுப்பதற்கு முன், வாலின் மேலிருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைச் சீவி எடுத்தேன். கழுத்துப் பக்கத்தில் தீனிப்பையைத் தளர்த்திக்கொண்டால்தான் கீழிருந்து இழுக்கும்போது எல்லாம் சேர்ந்து வரும். பட்டினி கிடந்த கோழியில் அது தோலோடு ஒட்டி, இருப்பதே தெரியாது. விரலால் தடவித் தேட வேண்டியதுதான். பச்சையாகத் தெரியும் பித்தப்பையைக் கல்லீரலின் சிறு துண்டோடு சேர்த்தே வெட்டிவிடுவது நல்லது. நுரையீரல் விலா எலும்புகளுக்கிடையே ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் வரும்.

பிறகு பனிக்கட்டி போட்ட தண்ணீர். சில மணி நேரத்துக்குள் உள்சூடு 4 டிகிரிக்கு இறங்க வேண்டும். அதன் பின் ஃபிரிட்ஜில் ஒரு முழு நாள். அறுத்தபின் தசையில் ஏற்படும் விறைப்பு விலகுவதற்கு முன் சமைத்தாலோ உறைய வைத்தாலோ இறைச்சி ரப்பராகிவிடும். சோதித்துப் பார்க்க ஒன்றை அன்றே சமைத்தோம். மறுநாள் சமைத்ததோடு ஒப்பிட்டபோது வீட்டில் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை. பிராய்லரில் உயிர் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் இறைச்சியாகக் கையில் நின்றது.

சேவல்கள் இப்போது ஒன்றையொன்று முறைக்கத் தொடங்கியிருக்கின்றன. சண்டைக்காரர்களை முதலில் எடுத்துவிட்டு, மற்றவற்றை இன்னும் சில வாரம் விடலாம் என்று இருக்கிறேன். வயது கூடியவை என்பதால் அவற்றை ஃபிரிட்ஜில் இரண்டு நாளாவது வைப்பதாகத் திட்டம். அதற்குள் இன்னும் அகலமான பானை ஒன்று தேட வேண்டும். இந்தச் சேவலின் கால் நீளத்துக்குப் பழைய பானை போதாது.