யாலு ஆற்றைத் தாண்டிய பெட்டிகள்

ஜப்பானிய ஆட்சிக்காலக் கொரியாவை வைத்து வரும் உளவுப் படங்களில் துப்பாக்கிச் சண்டைக்குத்தான் கைதட்டல். கூரைக்குக் கூரை தாவுவார்கள், இரண்டு கையாலும் சுடுவார்கள், கோட் மட்டும் கசங்காது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1920களில் நடந்தவற்றை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், சுட்டவர்களைவிடச் சுமந்தவர்கள் பட்ட பாடுதான் பெரிது. ஒரு திட்டத்தின் தலைவிதி பல நாள் முன்பே ஒரு சோதனைச் சாவடியிலோ, கப்பலின் அடித்தட்டிலோ, கூட்டாளி ஒருவரின் வாயிலோ எழுதப்பட்டுவிட்டது. இந்த வகைப் படங்களை ரசித்துப் பார்க்க நினைப்பவர்கள் பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

முதலில் ஆட்கள். விடுதலை கேட்டு 1919 மார்ச் 1 அன்று தொடங்கிய அமைதி ஊர்வலங்களை ஜப்பானியர் ரத்தத்தில் அடக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மஞ்சூரியாவின் ஜீலின் நகரில் கிம் வோன்-போங் தலைமையில் 13 இளைஞர்கள் சேர்ந்து உய்யோல்தான் என்ற ரகசிய அமைப்பைத் தொடங்கினார்கள். யாரைக் கொல்வது, எதைத் தகர்ப்பது என்று பட்டியலே வைத்திருந்தார்கள். கொல்ல வேண்டிய ஏழு வகையினரில் கவர்னர் ஜெனரல், ராணுவத் தலைவர்கள், அப்போது ஜப்பானின் பிடியிலிருந்த தைவானின் கவர்னர், துரோகிகள், ஒற்றர்கள் எல்லாம் உண்டு. தகர்க்க வேண்டிய ஐந்தில் கவர்னர் ஜெனரல் அலுவலகம், நிலங்களை வளைத்துப்போட்ட கீழைநாட்டு மேம்பாட்டு நிறுவனம், அரசு சார்பு நாளிதழ், போலீஸ் நிலையங்கள் அடக்கம்.

இலக்குகள் எல்லாம் கொரியாவுக்குள்ளே, ஆயுதங்கள் எல்லாம் சீனாவில். சிக்கலே இங்கேதான். ஷாங்காயில் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி என்று ஒன்று இருந்தது. அங்கே ஜப்பானிய போலீஸ் நினைத்தபடி நுழைந்து கைது செய்ய முடியாது. கொரியத் தற்காலிக அரசாங்கம் 1919 ஏப்ரலில் அமைந்ததும் ஷாங்காயில்தான். குண்டு செய்பவர், துப்பாக்கி விற்பவர், அடைக்கலம் தருபவர் எல்லாரும் அங்கே கிடைத்தார்கள். கிடைத்ததைக் கொரியாவுக்குள் கொண்டு சேர்ப்பதுதான் கழுத்தை அறுத்தது.

பிரதான வழி ரயில். தியன்ஜின், முக்டென் (இன்றைய ஷென்யாங்), ஆன்டோங், அங்கிருந்து சீன-கொரிய எல்லையான யாலு ஆற்றின் பாலம், அக்கரையில் சினுய்ஜு, பிறகு நேரே சியோல். ஆன்டோங்தான் இன்றைய டான்டோங். 1911-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 944 மீட்டர் நீளம்; நடுவில் தண்டவாளம், இரு பக்கமும் நடைபாதை, கப்பல் போக ஒரு பகுதி மட்டும் திரும்பி வழிவிடும். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் நம் உட்லண்ட்ஸ் கடற்பாலமும் ஏறக்குறைய அதே நீளம்தான், 1,056 மீட்டர். அதில் முதல் ரயில் ஓடியது 1923-இல். அந்த அளவு தூரத்தை, பெட்டியில் குண்டோடு, ரயிலுக்குள் மஃப்டியில் உலாவும் போலீஸைப் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டும். போதாக்குறைக்கு, 1919 ஏப்ரல் முதல் கொரியர்கள் எல்லை தாண்டப் போலீஸ் தரும் பயணச் சான்றிதழ் தேவை என்று விதி வந்தது.

இரண்டாவது வழி கப்பல். ஆன்டோங்கில் ஜார்ஜ் ஷா என்ற அயர்லாந்து வம்சாவளி வியாபாரி கப்பல் நிறுவனம் நடத்தினார். மனைவி ஜப்பானியப் பெண். ஆனாலும் கொரியர்களுக்குத் தன் கப்பலிலும் கிடங்கிலும் இடம் கொடுத்தார். பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பலில் ஜப்பானிய போலீஸ் இஷ்டத்துக்கு ஏற முடியாது. பின்னாளில் தற்காலிக அரசாங்கத்தின் தலைவரான கிம் கு 1919-இல் ஷாங்காய் போனதும் ஷாவின் கப்பலில்தான். ஆன்டோங்கில் இருக்கும்வரை அவர்மேல் கைவைக்க முடியாத ஜப்பானியர், 1920-இல் அவர் ஆற்றைத் தாண்டி சினுய்ஜு பக்கம் கால் வைத்ததும் பிடித்துப்போட்டார்கள். பிரிட்டன் கண்டனம் தெரிவித்த பிறகு, நவம்பரில் விட்டார்கள்.

மூன்றாவது வழி ஜப்பான் வழியாகவே போவது. சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து வால் வழியாக வெளியேறுவது மாதிரி. இதைச் செய்தவர் ஒருவருக்குச் சிங்கப்பூர்த் தொடர்பு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கொரியத் துறைமுக நகரமான பூசானைச் சேர்ந்த பாக் ஜே-ஹியோக், ஷாங்காய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்து வியாபாரம் செய்த இளைஞர். 1920-இல் கிம் வோன்-போங் அவரை அழைத்து, பூசான் போலீஸ் நிலையத்தைக் குறியாகக் கொடுத்தார். ஷிமோனோசெக்கியிலிருந்து பூசானுக்குப் போகும் வழக்கமான கப்பலில் சோதனை கடுமை. அதனால் நாகசாக்கியில் இறங்கி, சுஷிமா தீவைச் சுற்றிக்கொண்டு போனார். போகும் வழியில் நண்பருக்கு ஒரு தபால் அட்டை போட்டார். லாபம் நிறைய எதிர்பார்க்கலாம், உன் முகத்தை மறுபடி பார்ப்பதை எதிர்பார்க்க முடியாது என்பது அதன் செய்தி. கூடவே சீன எழுத்தில் கவிதை மாதிரி ஒரு வரி. பொருள் பார்த்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. கொரிய உச்சரிப்பில் வாய்விட்டுப் படித்தால், வழக்கமான கப்பலில் ஏறவில்லை, சுஷிமா வழியாகப் போகிறேன் என்று வரும். தணிக்கை அதிகாரி கண்ணால் படிப்பார், காதால் படிக்கமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்!

பூசான் போலீஸ் நிலையத் தலைவருக்குப் பழைய புத்தகப் பித்து. பாக் சீனப் புத்தக வியாபாரி வேடத்தில், மூட்டையில் மேலே புத்தகமும் அடியில் குண்டுமாக, 1920 செப்டம்பர் 14 அன்று உள்ளே போனார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் காட்டிக்கொண்டே அடிக்கு வந்து, ஏன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வீசினார். அவரும் காயப்பட்டுப் பிடிபட்டார். மரண தண்டனை நிறைவேறும் முன்பே, 1921 மே மாதம், சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்தார்.

அடுத்த ஆண்டு கிம் இக்-சாங் செய்தது இன்னும் சுத்தமான வேலை. ஜப்பானிய மொழி சரளம். பெய்ஜிங்கிலிருந்து ரயிலில் ஜப்பானிய மாணவன் தோற்றத்தில் வந்தார். கைக்குழந்தையோடு வந்த ஜப்பானியப் பெண் ஒருத்தியோடு பேச்சுக் கொடுத்து, சோதனையின்போது ஒரே குடும்பம்போலத் தெரியும்படி பார்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள். ஜப்பானியனாகத் தெரிந்தால் பயணச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள் என்பதுதான் சூட்சுமம். 1921 செப்டம்பர் 12 அன்று மின்பழுது பார்ப்பவர் உடுப்பில் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்குள் நுழைந்தார். முதல் அறையில் வீசியது வெடிக்கவில்லை. இரண்டாவது வெடித்தது. சத்தம் கேட்டு மாடிக்கு ஓடி வந்தவர்களிடம், ‘ஆபத்து, மேலே போகாதீர்கள்’ என்று ஜப்பானிய மொழியில் கத்திவிட்டு, இறங்கி வாசல் வழியாக வெளியேறினார். ஒரு வாரத்துக்குள் பெய்ஜிங். மறு ஆண்டு மார்ச்சில் ஷாங்காய்த் துறைமுகத்தில் ஜெனரல் தனகா கியிச்சியைச் சுடும் முயற்சியில் பிடிபட்ட பிறகுதான் அந்த மின்பழுதுக்காரர் யார் என்று ஜப்பானியருக்கே தெரிந்தது. அந்த முயற்சியில் தனகா தப்பினார். சம்பந்தமே இல்லாத அமெரிக்கப் பெண் ஒருவர் உயிர் போனது. படங்கள் இந்தப் பக்கத்தைக் காட்டுவதே இல்லை.

சரி, எவை எல்லாம் சொதப்பின? முதல் எதிரி ஈரம். கிம் ஜி-சோப் 1923 டிசம்பரில் ஷாங்காயிலிருந்து நிலக்கரிக் கப்பலின் அடித்தட்டில் ஒளிந்து, பத்து நாள்போல இருட்டில் கிடந்து ஜப்பான் போய்ச் சேர்ந்தார். குறி, டோக்கியோ நாடாளுமன்றம். போகும் வழியிலேயே கூட்டத்தொடர் தள்ளிப்போன செய்தி கிடைத்தது. குறியை மாற்றி, 1924 ஜனவரி 5 அன்று அரண்மனை வாசலில் உள்ள நிஜுபாஷி பாலத்தில் வீசினார். ஒன்றும் வெடிக்கவில்லை. கப்பலில் குண்டுகள் ஈரம் குடித்திருந்தன. 1928-இல் அவர் சிறையில் இறந்தார்.

அடுத்தது வீரியம் போதாமை. 1932 ஜனவரி 8 அன்று லீ போங்-சாங் டோக்கியோவில் பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஊர்வலத்தில் கையெறி குண்டை வீசினார். உள்ளாடையில் கட்டி ஷாங்காயிலிருந்து கொண்டுபோனது. ‘ஜனவரி 8-இல் சரக்கை விற்றுவிடுவேன்’ என்று கிம் குவுக்கு முன்கூட்டியே தந்தியும் கொடுத்திருந்தார். குண்டு வெடித்தது, ஆனால் வண்டியில் கொஞ்சம் சேதம், அவ்வளவுதான். அதுவும் பேரரசர் இருந்த வண்டி அல்ல.

இதிலிருந்து கிம் கு பாடம் படித்தார் என்பது அடுத்த நான்கு மாதத்தில் தெரிந்தது. சீன ராணுவத்தில் அதிகாரியாக இருந்த கொரியர் கிம் ஹோங்-இல் மூலம் ஷாங்காய் ஆயுதச் சாலையில் புதிதாகச் செய்யச் சொன்னார். 20 முறை சோதித்து, 20-ம் வெடித்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள் என்று கிம் குவின் தன்வரலாறு சொல்கிறது. உறை விஷயத்தில் ஜப்பானியரே வழி காட்டினார்கள். ஏப்ரல் 29, பேரரசரின் பிறந்தநாள் விழாவுக்கு ஷாங்காய் ஹோங்கியூ பூங்காவுக்கு வருபவர்கள் தண்ணீர்க் குடுவை, சாப்பாட்டுப் பெட்டி, கொடி மட்டும் கொண்டுவரலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு. ஆக ஒரு குண்டு குடுவையாயிற்று, இன்னொன்று சாப்பாட்டுப் பெட்டியாயிற்று. யுன் போங்-கில் குடுவையை வீசினார். ஜெனரல் ஷிரகாவா பின்னர் இறந்தார். அட்மிரல் நோமுராவுக்கு ஒரு கண் போனது. தூதர் ஷிகெமிட்சுவுக்கு ஒரு கால் போனது. 1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி போர்க்கப்பலில் சரணாகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மரக்காலோடு நடந்து வந்தவர் இவர்தான். பத்து நாள் கழித்து நம் நகர மண்டபத்தில், இன்றைய தேசிய கலைக்கூடக் கட்டடத்தில், தென்கிழக்காசியப் படைகளின் சரணாகதி நடந்தது.

நம் ஊர்க் கண்ணோட்டத்தில் இந்தக் கதைகள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இங்குள்ள மூத்த தலைமுறைக்குக் கொரியர் என்றால் போர்க்கைதி முகாம் காவலாளி நினைவுதான். 1942-இல் ஜப்பான் சுமார் 3,000 கொரியர்களை அந்த வேலைக்கு எடுத்து, தாய்லாந்து, மலாயா, ஜாவா என்று அனுப்பியது. தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்த சயாம் மரண ரயில்பாதையிலும் அவர்கள் இருந்தார்கள். போருக்குப் பின் சிலர் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இன்னொரு பக்கம், 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தபோது ஜப்பான் நமக்குத் துணை. அதே ஆண்டு கொரிய விடுதலைப் படை 9 பேரை, ஹான் ஜி-சோங் தலைமையில், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையிடம் அனுப்பியது. 1944-இல் இம்பால் போர்முனையில் அவர்கள் ஒலிபெருக்கியில் ஜப்பானிய மொழியில் பிரசாரம் செய்தார்கள், கைதிகளை விசாரித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இந்திய தேசிய ராணுவம். இதை யாராவது படமாக எடுத்தால் முதல் டிக்கெட் சிராங்கூன் சாலையில்தான் விற்கும்.

ஈரத்துக்கும் வீரியத்துக்கும் வைத்தியம் உண்டு. காட்டிக்கொடுப்பவனுக்கு இல்லை. 1923 வழக்கு அதற்குச் சாட்சி. அந்த ஜனவரி 12 அன்று சியோலின் ஜோங்னோ போலீஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. பத்து நாள் கழித்து கிம் சாங்-ஓக், தன்னைச் சூழ்ந்த நூற்றுக்கணக்கான போலீஸாரோடு வீடு வீடாகத் தாவிச் சண்டையிட்டு மாண்டார். உடனே போலீஸ் தன் ஆள் ஒருவரைச் சீனாவுக்கு அனுப்பியது: கியோங்கி மாநிலப் போலீஸின் கொரிய இன்ஸ்பெக்டர் ஹ்வாங் ஓக். அவர் இருந்தது அரசியல் வழக்குகளைப் பார்க்கும் உயர் போலீஸ் பிரிவில். படங்களில் இந்தப் பிரிவையும் கெம்பெத்தாய் ராணுவப் போலீஸையும் குழப்பிவிடுவார்கள். சிங்கப்பூரில் ஜப்பானிய ஆட்சியின்போது ஆர்ச்சர்ட் ரோடு ஒய்எம்சிஏ கட்டடத்தில் இருந்ததால் கெம்பெத்தாய் என்றதும் நமக்கு வேறு எதுவும் தோன்றாது. ஆனால் 1919-க்குப் பிறகு கொரியாவில் வீட்டுக் கதவைத் தட்டியது பெரும்பாலும் சாதாரணப் போலீஸ், அதிலும் பலர் கொரியர்களே.

ஹ்வாங் ஓக்கை உய்யோல்தான் பக்கம் இழுத்தவர் கிம் சி-ஹியோன். பிப்ரவரியில் தியன்ஜினில் கிம் வோன்-போங்கோடு சந்திப்பு நடந்தது. 36 குண்டுகள்: கட்டடம் தகர்க்க ஒரு ரகம், தீ வைக்க ஒரு ரகம், ஆளைக் கொல்ல ஒரு ரகம். கூடவே துண்டறிக்கைகள். போலீஸ் அதிகாரியின் பயணச் சாமானைப் போலீஸ் கிளறாது என்பதுதான் முழுத் திட்டமும். தியன்ஜினிலிருந்து ஆன்டோங் வந்து, அங்கே கொரிய நாளிதழ் ஒன்றின் கிளைப் பொறுப்பாளர் வீட்டில் ஒளித்துவைத்து, பிரித்துப் பிரித்து ஆற்றைத் தாண்டின. ஒரு பகுதி சியோல்வரை வந்தும்விட்டது. மற்ற வழிகளில் உயிரைப் பணயம் வைத்துச் செய்தது இங்கே சுலபமாக நடந்தது. ஆனால் உள்ளுக்குள் இருந்த ஒருவர் போலீஸிடம் சொல்லிவிட்டார். மார்ச்சில் பலர் பிடிபட்டார்கள், ஒரு குண்டும் வெடிக்காமல்.

நீதிமன்றத்தில் ஹ்வாங் ஓக், மேலதிகாரி சொல்லித்தான் கும்பலுக்குள் ஊடுருவினேன் என்றார். அவருக்கும் கிம் சி-ஹியோனுக்கும் 10 ஆண்டு. ஹ்வாங் உண்மையில் யார் பக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். திரைக்கதை எழுதுபவர்கள் இதில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது பெரிய இழப்பு என்பேன். தன் பெட்டியை யாரும் திறக்காதபடி எல்லையைத் தாண்டியவர், கடைசிவரை தன் மனசையும் திறக்கவில்லை.

கிம் சி-ஹியோன் கதை அங்கே முடியவில்லை. கொரியா விடுதலை பெற்ற பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1952 ஜூன் 25 அன்று பூசானில் அதிபர் சிங்மன் ரீ மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பழைய உய்யோல்தான் தோழர் யூ சி-தே துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. அவரை உள்ளே அனுப்பியவர் கிம் சி-ஹியோன். இருவருக்கும் மரண தண்டனை, பிறகு ஆயுள். 1960 ஏப்ரல் எழுச்சியில் ரீ ஆட்சி கவிழ்ந்ததும் விடுதலையாகி, அதே ஆண்டு மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தார்.